எண் எழுதப் பழகிய கை

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் பலர். எண்ணின் வரலாற்றைச் சிந்திப்போர் சிலரே. பிள்ளையின் கல்விக்கோ இரண்டும் வேண்டும்.

முற்காலத் திண்ணைப் பள்ளிகளிலே சிறார் மணலைப் பரப்பிச் சுட்டுவிரலால் எழுதினர். ஆசிரியர் கைபிடித்து வரைவிப்பார். பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும். கை தேறிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கப்பட்டன. தமிழெண்களுள் ஒன்று ககரத்தையும், இரண்டு உகரத்தையும், ஏழு எகரத்தையும், எட்டு அகரத்தையும் ஒத்தவை. ஆதலின் அகரம் எழுதக் கற்ற பிள்ளைக்கு எட்டும் கைவந்தது.

பழைய முறையிலே பூச்சியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றுக்குத் தனிக் குறிகள் இருந்தன. அம்பாறை மாவட்டம் தோன்றிய 1961ஆம் ஆண்டை ௲௯௱௬௰௧ என எழுதுதல் வேண்டும். பூச்சியத்தோடு கணக்கிடும் விதிகளைப் பிரமகுப்தர் 628இல் வகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டிலே அல்குவாரிஸ்மி என்னும் அறிஞர் இந்தியக் கணக்கு முறையை அரபு மொழியில் விளக்கினார். 1202இல் பீசா நகரத்து லியனார்டோ அதனை ஐரோப்பியருக்கு எடுத்துரைத்தார்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய எமதயலூர்களிலே முஸ்லிம் சிறார் குர்ஆன் வசனங்களின் இறுதியிற் காணும் இலக்கங்களை அரபியர் ‘இந்திய எண்கள்’ என்றே வழங்குவர். பாடசாலையில் நாமெல்லோரும் எழுதும் 1, 2, 3 என்பனவும், நம் முன்னோரின் தமிழெண்களும், அவையும் பழைய பிராமி எண்களின் வழிவந்தவையே. பள்ளிகள் வெவ்வேறாயினும் எண்ணின் குடி ஒன்று.

காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனனார் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் பயின்றவர். விபுலாநந்த அடிகளாகிய அப்பெரியார் விஞ்ஞான ஆசிரியராயும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராயும் விளங்கினார். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூல், பண்டைச் சுரங்களைக் கணித அளவைகளால் ஆராய்வது. தமிழும் கணக்கும் ஒரே கையிற் கூடிய பயன் அது.

இக்காலத்திலே விரல் தொட்டவுடன் திரையில் எண் தோன்றுகின்றது. ஆயினும் எங்கே தொடங்கி எப்பக்கம் வளைப்பது என்பதைக் கையே அறிதல் வேண்டும். அன்றேல் பிள்ளை ஆறையும் ஒன்பதையும் மாற்றியெழுதி மயங்கும். பெரியோர்களே, விஜயதசமியன்று அரிசியில் அகரம் எழுதுவிக்கும்போது எண்ணையும் உடன் எழுதுவியுங்கள். இளைஞர்களே, மாலையில் அரைமணி நேரம் அயற் பிள்ளைகளைக் கூட்டி, சாதி சமயம் பாராது அவர்தம் கைபிடித்து எழுதப் பழக்குங்கள். நமது கடற்கரையில் மணலுக்குக் குறைவில்லை.