உள்ளே போன கரி

திருவொற்றியூரில் எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டியது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியைச் சாயங்காலம் தொட்டால் விரலில் கரி. ஒருநாள் துணியைப் பிழிந்துகொண்டே அம்மா கேட்டாள்: "கம்பில இருக்கறத தொடச்சிடலாம். உள்ள போனத யாருடா தொடைக்கிறது?"

பதில் கிடைக்க எனக்குப் பல வருஷம் ஆனது. உடம்பேதான் துடைக்கிறது. வில்லங்கமும் அங்கேதான் தொடங்குகிறது.

கரியையும் புற்றுநோயையும் முதலில் சேர்த்து எழுதியவர் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், 1775இல். சிறுவயதில் புகைபோக்கிக்குள் இறங்கிச் சுத்தம் செய்தவர்களுக்குப் பின்னாளில் விதைப்பையில் புற்று வந்தது. தோல் மடிப்பில் தங்கிய கரிதான் காரணம் என்றார். ஆய்வகத்தில் அதைக் காட்ட 140 வருஷம் ஆனது. 1915இல் தோக்கியோவில் யமாகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் மாதக்கணக்காக நிலக்கரித் தாரைத் தடவிப் புற்றை வரவழைத்தார்கள். (நம்ம ஆட்களுக்கு இரண்டு வார ஸ்பிரின்டே தாங்காது.) 1933இல் லண்டனில் இரண்டு டன் தார்க் கசடிலிருந்து குற்றவாளியைப் பிரித்தெடுத்தார்கள்: பென்சோபைரீன். நிலக்கரியோ டீசலோ விறகோ சிகரெட்டோ, அரைகுறையாக எரிந்தால் அது உண்டாகும். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக அறிவித்தது.

வேடிக்கை என்னவென்றால், பென்சோபைரீன் வந்த வடிவத்தில் டிஎன்ஏவை ஒன்றும் செய்வதில்லை. அது தண்ணீரில் கரையாது. கரைத்து வெளியேற்றத்தான் செல்லின் நொதிகள் அதில் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. அந்த வேலையின் நடுவே பிறக்கிற ஒரு வடிவம், வெளியே போகாமல் டிஎன்ஏவின் 'ஜி' எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது நகலெடுக்கும் நொதி அந்த 'ஜி'யைச் சரியாகப் படிக்க முடியாமல், எதிரே 'சி' வைப்பதற்குப் பதில் 'ஏ' வைத்துவிடலாம். அடுத்த நகலில் 'ஜி' இருந்த இடத்தில் 'டி'. இதே பொருள் பி53 மரபணுவில் ஒட்டுகிற இடங்களும், புகைபிடிப்பவர்களின் நுரையீரல் புற்றில் அந்த மரபணு அடிக்கடி கெட்டுப்போகிற இடங்களும் ஒன்றே என்று 1996இல் காட்டினார்கள்.

செல் சும்மா இருப்பதில்லை. இழை புடைத்திருப்பதைக் கண்டுபிடித்து, அங்கே சுமார் 30 எழுத்துகளை வெட்டி எறிகிறது. எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்பி ஒட்டுகிறது. இந்த வேலை நடக்கும் விதத்தை விளக்கிய அசீஸ் சன்ஜாருக்கு 2015 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. எங்கள் பாஷையில், பேக்கப்பைப் பார்த்து ரீஸ்டோர். ஆனால் நகலெடுப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டும். பிழையோடு இரண்டு இழையும் ஒத்துப்போய்விட்டால் புடைப்பும் இல்லை, பேக்கப்பும் இல்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டாள்.

"அது ரிப்பேர் பண்ணி முடிக்கிறதுக்குள்ள அடுத்த லாரி வந்துடுமேடா."