குமாஸ்தாவும் கணித நூலும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த நம்மில் பலர், காகிதமும் பேனாவுமே துணையாய் வாழ்பவர்கள். பள்ளியோடு முடிந்துபோன படிப்பை, அதிலும் கணிதத்தை, இனி எங்கே தொடர்வது என்ற ஏக்கம் நமக்கு எழுவதுண்டு. அவ்வேக்கத்துக்கு விடை கூறும் சரித்திரம் ஒன்று, நாம் வாழும் இத் தில்லி மாநகரிலேயே நிகழ்ந்திருக்கிறது.

1821-இல் பானிப்பட்டில் பிறந்த ராமச்சந்திரர், பத்து வயதிலேயே தந்தையை இழந்தவர். 1833-இல் தில்லி ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்து ஆறாண்டுகள் பயின்றார். அங்கே கணிதத்துக்குப் போதிய இடமில்லை. ஆயினும் அதில் நாட்டம் மிகுந்த அவர், கைக்குக் கிட்டிய நூல்களைக் கொண்டு வீட்டிலேயே கற்றார். பின்னர்ச் சில ஆண்டுகள் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். 1841-இல் மாதம் முப்பது ரூபாய் உபகாரச் சம்பளம் பெற்றுத் தில்லிக் கலாசாலையில் நுழைந்தார். 1844-இல் அங்கேயே ஆசிரியரானார். மேலைநாட்டு விஞ்ஞானத்தை உருது மொழியில் கற்பிப்பதே அவர் பணி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அவர் மீது தனி உரிமை ஒன்று உண்டாவது இயல்பே.

மிகப் பெரியது எது, மிகச் சிறியது எது என்று காணும் கணக்குகளுக்கு ஐரோப்பியர் நுண்கணிதத்தைக் கையாண்டனர். நம் நாட்டின் பழஞ்செல்வமாகிய பீஜகணிதத்தைக் கொண்டே அவற்றைத் தீர்க்க முடியாதா என்று ராமச்சந்திரர் சிந்தித்தார். அவர் வழியை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். நாற்பது முழக் கயிற்றைக் கொண்டு ஒரு செவ்வக நிலத்தை வளைக்க வேண்டும். பரப்பு மிகப் பெரிதாக இருக்க வேண்டும். நீளமும் அகலமும் சேர்ந்து இருபது முழம். இரண்டும் சமமானால் ஒவ்வொன்றும் பத்து, பரப்பு நூறு. சமமாக இல்லாவிடில், ஒன்று பத்திலிருந்து எவ்வளவு கூடுகிறதோ, மற்றது அவ்வளவு குறையும். அந்த வேறுபாட்டின் வர்க்கத்தை நூறிலிருந்து கழித்தால் எஞ்சுவதே பரப்பு. பரப்பு நூறுக்கு மேற்பட வேண்டுமெனில் அவ்வர்க்கம் சூன்யத்துக்கும் கீழே போக வேண்டும், அது இயலாது. ஆகவே சதுரமே விடை. கலைப் பட்டதாரியாகிய நாமும், நாற்பதைக் கடந்த பின் இக்கணக்கை ஒரு பழைய காகிதத்தின் பின்புறத்தில் போட்டுப் பார்த்து மகிழ்ந்தோம்.

இவ்வழியைக் கடினமான கணக்குகளுக்கும் விரித்து எழுதிய நூலை, 1850-இல் தம் சொந்தச் செலவிலேயே கல்கத்தாவில் அச்சிட்டார் ராமச்சந்திரர். அங்கிருந்த விமரிசகர்கள் அதனைப் பாராட்டவில்லை. நூல் அத்துடன் மறைந்திருக்கக் கூடும். ஆனால் கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட உறுப்பினராயிருந்த பெத்யூன், அதன் பிரதிகளை லண்டனிலிருந்த கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கனுக்கு அனுப்பினார். டி மார்கன் 1806-இல் நம் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்றவர். அவர் நூலை ஊன்றிப் படித்தார். அதன் அருமையை உணர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களிடம் எடுத்துரைத்தார். ராமச்சந்திரருக்கு 2,000 ரூபாயும் மரியாதை ஆடையும் பரிசாயின. இதனிடையே 1857-இன் கொந்தளிப்பில் தில்லிக் கலாசாலையின் நூலகம் சூறையாடப்பட்டது. ராமச்சந்திரர் உயிர் தப்பி வெளியேறினார். ஈராண்டு கழித்து, 1859-இல், டி மார்கனின் முன்னுரையோடு அந்நூல் லண்டனில் மறுபதிப்பாயிற்று.

ராமச்சந்திரர் 1880-இல் மறைந்தார். ஏழாண்டுகளுக்குப் பின் ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் கதையை நாமெல்லோரும் அறிவோம். கும்பகோணத்தில் பள்ளிப் பருவம் முடியும் காலத்தில் அவர் கைக்குக் கிட்டியது கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல். ஆயிரக்கணக்கான முடிவுகள், விளக்கமோ மிகச் சுருக்கம். விடுபட்ட படிகளைத் தாமே இட்டு நிரப்பியதில் ராமானுஜனின் கணிதம் வளர்ந்தது. கல்லூரித் தேர்வில் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில், அவரும் குமாஸ்தாவே ஆனார். 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவர் வாழ்வை மாற்றியது. தனிமையில் அவர் கண்டவற்றுள் சில, ஐரோப்பியர் முன்பே கண்டு முடித்தவை என்பதும் அதன் பின்னரே அவருக்குத் தெரிய வந்தது.

இருவர் வாழ்வும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. நல்லதொரு நூலும் விடாமுயற்சியும் இருந்தால், ஆசிரியரின்றியும் ஒருவர் கணிதத்தில் வெகுதூரம் செல்லலாம். அதற்குக் குமாஸ்தா வேலை தடையன்று. ஆனால் நாம் கண்டது புதிதா பழையதா, சரியா பிழையா என்று நூல் வாய் திறந்து கூறாது. அதற்கு மற்றொரு மனிதர் வேண்டும். ராமச்சந்திரருக்கு ஒரு டி மார்கனும், ராமானுஜனுக்கு ஒரு ஹார்டியும் கிட்டியிராவிடில், அவர்கள் கற்றது அவர்களோடே போயிருக்கும்.

எனவே, இரவில் விளக்கருகே பழைய கணித நூலைப் பிரிக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான்: வாசிப்பதோடு நில்லாமல் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்; போட்டதை அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். அத்தகைய காகிதம் ஒன்றை யாரேனும் நம்மிடம் கூச்சத்தோடு நீட்டினால், அதைப் படிக்காமல் ஒதுக்காதிருப்பதும் நம் கடமையாகும்.