உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை: உடலின் எதிர்ப்பை வென்ற அரை நூற்றாண்டு வரலாறு

சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்ற உறுப்புகளை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குப் பொருத்துவது, இன்று நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் வழக்கமாக நடைபெறும் சிகிச்சையாகிவிட்டது. ஆனால், இதன் தொடக்க கால வரலாறு தோல்விகளால் நிரம்பியது. உறுப்பை இணைத்துத் தைக்கும் நுட்பம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவந்துவிட்டது. அந்த உறுப்பை உடல் ஏற்கச் செய்வதற்கோ மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

ரத்தக் குழாய்த் தையல்

பொருத்தப்படும் உறுப்பு உயிர்வாழ, அதற்கு உடனடியாக ரத்த ஓட்டம் கிடைக்க வேண்டும். பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த அலெக்சிஸ் கேரல், வெட்டுண்ட ரத்தக் குழாய்களின் முனைகளைக் கசிவோ அடைப்போ இன்றித் தைத்து இணைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்ற அவர், விலங்குகளிடம் சிறுநீரக மாற்றுச் சோதனைகளை மேற்கொண்டார். 1912-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இச்சோதனைகளில் ஓர் உண்மை புலப்பட்டது. ஒரு விலங்கின் சிறுநீரகத்தை எடுத்து அதற்கே மீண்டும் பொருத்தினால் அது நன்கு இயங்கியது. வேறொரு விலங்கினுடையதைப் பொருத்தினால், தையலில் குறையில்லாதபோதும் விரைவில் செயலிழந்தது.

இதற்கு விதிவிலக்காக அமைந்தது கருவிழி. இன்றைய செக் குடியரசில் உள்ள ஓலோமோட்ஸ் நகரில், 1905-இல் எட்வர்ட் ஜிர்ம் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். கருவிழியில் ரத்தக் குழாய்கள் இல்லாததால், உடலின் எதிர்ப்பு அங்கு குறைவு.

மனிதருக்கு மனிதரின் சிறுநீரகத்தைப் பொருத்தும் முயற்சியை, 1933-இல் உக்ரைனில் யூரி வோரோனாய் முதன்முதலில் மேற்கொண்டார். பாதரச நஞ்சால் சிறுநீரகம் செயலிழந்த 26 வயதுப் பெண்ணுக்கு, இறந்த ஒருவரின் சிறுநீரகத்தைத் தொடைப் பகுதியில் பொருத்தினார். இருவரின் ரத்தப் பிரிவும் வேறு வேறு. இரண்டு நாள்களில் அப்பெண் உயிரிழந்தார்.

உடல் ஏன் மறுக்கிறது?

இக்கேள்விக்கான விடை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீக்காய சிகிச்சையின் வழியே கிடைத்தது. பிரிட்டன் அறிவியலாளர் பீட்டர் மெடவார், அறுவை சிகிச்சை நிபுணர் தாமஸ் கிப்சன் ஆகியோர், கிளாஸ்கோவில் தீக்காயமுற்ற பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிக் கவனித்தனர். முதல்முறை ஒட்டிய தோலைவிட, இரண்டாம் முறை ஒட்டியதை உடல் விரைவாக நிராகரித்தது. கிருமிகளை நினைவில் வைத்துத் தாக்கும் நோய் எதிர்ப்பு மண்டலமே அயலார் திசுக்களையும் எதிர்க்கிறது என்பது தெளிவானது. நோய் எதிர்ப்பு ஏற்புத்தன்மை பற்றிய கண்டுபிடிப்புக்காக, ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட்டுடன் மெடவார் 1960-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரட்டையர் அளித்த வழி

ஒரே மரபணு கொண்ட இரட்டையரிடையே இந்த எதிர்ப்பு எழாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், 23 வயது இரட்டைச் சகோதரர்களில் ஒருவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. தோலை மாற்றி ஒட்டிப் பார்த்து, இருவரும் ஒரே கருவில் உருவானவர்கள் என மருத்துவர்கள் உறுதி செய்தனர்.

ஆனால் அறம் சார்ந்த கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது. நலமாக உள்ள ஒருவரை, அவருக்கு எந்த மருத்துவப் பயனும் இல்லாதபோது அறுவை சிகிச்சைக்கு உட்படுத்தலாமா என்பதே அது. மருத்துவர்கள் சமயத் தலைவர்களையும் சட்ட அறிஞர்களையும் கலந்தாலோசித்தனர். 1954 டிசம்பர் 23-ஆம் தேதி, ஜோசப் முர்ரே தலைமையிலான குழு அறுவை சிகிச்சையை நிறைவேற்றியது. சிறுநீரகம் பெற்றவர் மேலும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். வழங்கிய சகோதரர் 79 வயது வரை வாழ்ந்தார். முர்ரேவுக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்துகளின் வருகை

இரட்டையர் அல்லாதோருக்கு, நோய் எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்துகளே வழி திறந்தன. அசதியோபிரின் மருந்தின் துணையுடன், 1962-இல் முர்ரே குழுவினர் இறந்தவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினர். அது ஓராண்டுக்கும் மேல் இயங்கியது. 1967 டிசம்பர் 3-ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மனித இதய மாற்று சிகிச்சையைச் செய்தார். நோயாளி 18 நாள்கள் உயிர்வாழ்ந்தார். 1980-களில் பரவலான சைக்ளோஸ்போரின், வெற்றி விகிதத்தைப் பெரிதும் உயர்த்தியது.

இந்தியாவில்

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில், 1968-இல் பி.கே. சென் இதய மாற்று சிகிச்சைக்கு முயன்றார்; நோயாளி சில மணி நேரமே உயிர்வாழ்ந்தார். 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றி பெற்றது. 1994 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பி. வேணுகோபால் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று சிகிச்சையைச் செய்தார். அதே ஆண்டு இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம், மூளைச்சாவை அங்கீகரித்ததுடன், உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கியது.

உடலின் எதிர்ப்பு இன்றும் முற்றிலுமாக நீங்கிவிடவில்லை, அது கட்டுப்படுத்தப்படுகிறது. எனவேதான், மாற்று உறுப்பு பெற்றோரில் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டியுள்ளது.