நாட்டுக்கருவேலும் சீமைக்கருவேலும்: கன்றிலேயே இனம் காண்பது

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் நெடுங்காலம் உழாமல் கிடந்த புஞ்சைக்குள் நுழைந்தால், கண்ணுக்கு எல்லாம் ஒரே முள்காடுதான். அதில் பெரும்பங்கு சீமைக்கருவேல், ஊர்வழக்கில் வேலிக்காத்தான். ஆனால் நடுநடுவே நாட்டுக்கருவேலும் நிற்கும். மணிக்கணக்கில் வாடகை ஏறும் ஜேசிபியை உள்ளே விட்டபிறகு இரண்டையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் பொழுது இருப்பதில்லை. பிரிக்க வேண்டியது அதற்கு முன்பே. அதுவும் கன்றுப் பருவத்திலேயே.

வளர்ந்து பூத்த மரத்தில் குழப்பம் இல்லை. நாட்டுக்கருவேலின் பூ பொன்மஞ்சள் நிறத்தில் சிறு உருண்டை. சீமையின் பூ வெளிறிய மஞ்சளில் விரல் நீளக் கதிர். நாட்டுக் காய் ஒவ்வொரு விதைக்கும் இடையில் இறுகி, மணி கோத்தது போல சாம்பல் பூத்துத் தொங்கும். சீமைக்காய் இடையில் அப்படி இறுகாது. பழுத்தால் மஞ்சள், வாயில் இனிப்பு. நாட்டு மரத்தின் பட்டை கருத்து ஆழமாக வெடித்திருக்கும். ஆளை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது: வெட்டுப்படாத சீமைக்கருவேலும் ஒற்றைத் தண்டாக நல்ல மரமாகவே வளரும்.

சிக்கல் கன்றில்தான். இரண்டின் காயையும் ஆடு விரும்பித் தின்னும். ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்த விதை நன்றாக முளைக்கும். நாற்றுக்கு வேண்டிய கருவேல விதையை ஆட்டுப்பட்டியில் பொறுக்கும் வழக்கமே உண்டு. அதனால் கிடை போட்ட நிலத்தில் மழைக்குப் பின் இரண்டும் பக்கம்பக்கமாகத் தலைகாட்டும். முளையில் வரும் முதல் இலை இரண்டுக்குமே ஒற்றைச் சிறகுதான். அடுத்து வருவதும் அவ்வளவாக உதவாது. சில இலைகள் போகட்டும். பிறகு குனிந்து முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும்.

நாட்டுக்கருவேலில் இலைக்காம்பின் அடியிலேயே, காம்புக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக, நேரான வெளிறிய முள் இணையாக நிற்கும். இலையடிச் செதில்களே அங்கு முள்ளாக மாறியிருக்கின்றன. சீமையில் முள் இலைக்கக்கத்தில், காம்புக்குச் சற்று மேலே கிளம்பும். ஒன்றாகவும் வரும், இரண்டாகவும் வரும். ஆகவே முள்ளை எண்ணிப் பயனில்லை, இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கூடவே சிற்றிலையின் அளவு. நாட்டுக்கருவேலில் அது பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிமீட்டர். சீமையில் 1 சென்டிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ. கன்று சற்று வளர்ந்தால் சிறகும் துணைக்கு வரும்: சீமையின் இலையில் 1 முதல் 3 இணை, நாட்டில் பெரும்பாலும் 3 முதல் 6 இணை.

இரண்டிலும் சேராத ஒன்று கண்ணில் படலாம்: முள் சிறுத்து, அடி பருத்து, கணுவில் இல்லாமல் கணுக்களுக்கு இடையில் சிதறிக் கிடக்கும். அது வன்னி, விருத்தாசலத்தின் தலமரம். சீமைக்கருவேலுக்கு நெருங்கிய உறவு என்பதால் இலையை மட்டும் பார்ப்பவர்கள் அதையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள்.

சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1877 வாக்கில் இந்தியாவுக்கு வந்தது. வறண்ட மாவட்டங்களில் விறகும் கரியும் தந்து பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கண்மாயையும் ஓடையையும் மூடிக்கொண்டதும் அதுதான். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால் அதை அகற்றும் வேலை ஊர் ஊராக வேகம் பிடித்தது. இத்தகைய வேகத்தில்தான் அடையாளம் தெரியாமல் நாட்டு மரமும் போகிறது. சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்களில் நீர்ப்பறவைகள் இந்த நாட்டுக்கருவேலில் கூடு கட்டுகின்றன. ஏருக்கும் வண்டிக்கும் மரம், தோல் பதனிடப் பட்டை, பிசின், பல்குச்சி என்று அது தந்தவை வேறு.

சீமையை விட்டுவைப்பது, நாட்டை வெட்டுவது என்ற இரண்டு பிழைகளின் விலையும் ஒன்றல்ல. சீமைக்கன்றை அடையாளம் தெரியாமல் ஒரு மாதம் விட்டுவைத்தால் நட்டம் ஒன்றுமில்லை; காய்ப்பதற்கு முன் ஈர மண்ணில் தூரோடு பிடுங்கிவிடலாம். அதை மேலோடு வெட்டுவதுதான் வீண்வேலை: மண்ணை ஒட்டிய வேர்க்கழுத்திலிருந்து பல தண்டுகளாகத் துளிர்த்து முன்னைவிட அடர்ந்துவிடும். வளர்ந்த நாட்டுக்கருவேலோ வெட்டினால் அவ்வளவாகத் துளிர்ப்பதில்லை. அதனால் தெரியாத கன்றுக்கெல்லாம் முதலில் ஒரு துணி முடிச்சு. முள் கக்கத்தில் இருப்பது உறுதியானபின் மண்வெட்டியை எடுத்தால் போதும். அதற்குள் தண்டு விரல் பருமன்கூட ஆகியிருக்காது.