கதிரை முதலில், பட்டம் பின்னர்: பேராதனையின் தமிழ்க் கலாநிதிகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்காவின் மகள் கட்டுகஸ்தோட்டையிலுள்ள எமது வீட்டுக்கு வந்திருந்தாள். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று நல்ல பெறுபேற்றுடன் வெளியேறியவள். ஓராண்டு ஒப்பந்தத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராகப் பணியாற்றி, ஒப்பந்தம் முடிந்து இப்போது வீட்டில் இருப்பவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலாநிதிப் பட்ட விண்ணப்பம் அவளது கையில் இருந்தது. "மாமா, இதைச் செய்து முடித்தால் பிறகு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் பிறரிடம் கேள்வி கேட்டே பழகியவன் நான். உடனடியாகப் பதில் சொல்ல இயலவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பேராதனையின் முதல் தலைமுறைத் தமிழ்க் கலாநிதிகளிடம் கேட்டிருந்தால் அவர்களில் பலருக்கு அது விளங்கியே இராது என்று தோன்றியது. அதன் காரணத்தை விளக்கவே இக்கட்டுரை.

1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். 1952இல் கலைப்பீடம் மகாவலிக் கரைக்கு, ஹந்தானை மலையடிவாரத்துக்கு இடம்பெயர்ந்தது. தமிழ்த்துறைப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்த அவரே யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் நாடகங்களும் எழுதினார். அவருக்குப் பின்வந்த சு. வித்தியானந்தன் பத்துப்பாட்டை ஆராய்ந்து இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பியவர். மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்து 1960களில் 'இராவணேசன்' முதலிய நாடகங்களைத் தயாரித்த பணியாலேயே அவரை இன்றும் மக்கள் நினைவுகூருகின்றனர்.

இங்கு ஒழுங்குமுறை ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்புப் பெற்றவர் துறையிலேயே உதவி விரிவுரையாளராக நியமிக்கப்படுவார். அதன் பின்னர் விடுமுறை பெற்று இலண்டனுக்கோ வேறிடத்துக்கோ போய்க் கலாநிதிப் பட்டத்துடன் திரும்புவார். திரும்பி வருகையில் அவரது கதிரை அங்கேயே இருக்கும். வேலை முன்னே, பட்டம் பின்னே. தகுதிகாண் விரிவுரையாளர் உயர்பட்டம் பெற்ற பின்னரே நிரந்தரமாக்கப்படுவார் என்ற இன்றைய விதியும் அந்த மரபின் எச்சம்தான். கதிரைகள் குறைந்து, பட்டதாரிகள் பெருகிய பின்பும் விதி மட்டும் அப்படியே நிற்கிறது. கதிரை இல்லாத என் மருமகள் பட்டத்தை முதலில் தேடுகிறாள். மூத்தவர்களின் வாழ்க்கையை அவள் அப்படியே வழிகாட்டியாகக் கொள்ள முடியாததற்கு இதுவே முதற்காரணம்.

என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் இந்த வரலாற்றில் இருக்கிறார் என்பதில் எனக்குச் சிறு பெருமை உண்டு. க. கைலாசபதி 1957இல் பேராதனையில் முதல் வகுப்பில் தேறியவர். தேறியதும் அவர் போனது லேக் ஹவுஸுக்கு. 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்தார். ஈழத்து எழுத்தாளர் பலருக்கு இடமளித்து வளர்த்த காலம் அது. 1961இல் பத்திரிகையை விட்டுப் பேராதனையில் விரிவுரையாளரானார். பின்னர் அவர் கலாநிதிப் பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த இடத்தைத்தான் நான் என் மருமகளுக்கு விரிவாகச் சொன்னேன்.

தமிழ் ஆராய விரும்பியவர் அன்று இலண்டனின் கீழைத்தேய ஆய்வுக் கல்லூரிக்குப் போவதே வழக்கம். கைலாசபதி பேர்மிங்ஹாமுக்குப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்த ஜோர்ஜ் தொம்சன் கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர், பண்டைய கிரேக்க நாடகத்தைச் சமூக வரலாற்றோடு பிணைத்து எழுதியவர். சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடும் பிற நாட்டு வீரயுகப் பாடல்களோடும் வைத்து, வாய்மொழி மரபில் விளைந்தவையாகக் காணவேண்டும் என்பது கைலாசபதியின் கேள்வி. அக்கேள்விக்குத் தமிழ்ப் பேராசிரியரைவிடக் கிரேக்கப் பேராசிரியரே பொருத்தமானவர். 1966இல் பட்டம் கிடைத்தது. 1968இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் ஆய்வேட்டை நூலாக வெளியிட்டது. அவருடைய நண்பர் கா. சிவத்தம்பியும் அதே தொம்சனிடம் போய், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற பொருளில் ஆராய்ந்து 1970இல் கலாநிதியானார். சிவத்தம்பி அதற்கு முன்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியில் ஆசிரியர்; பாராளுமன்றத்தில் உடனிகழ்கால மொழிபெயர்ப்பாளர். சபையில் ஒருவர் பேசப் பேச அதை மறுமொழியில் தருவது எத்துணை கடினம் என்பதைப் பாராளுமன்றச் செய்தி எழுதியவர்கள் அறிவர்.

இவ்விருவரும் விண்ணப்பிக்கும்போது முப்பதைத் தொட்டோ கடந்தோ இருந்தார்கள். வேறு தொழிலில் ஊறியவர்கள். நூலகத்துக்கு வெளியே உலகம் எப்படி இயங்குகிறது என்று கண்டிருந்தார்கள். அவர்களது ஆய்வில் சமூகம் அவ்வளவு அழுத்தமாக இடம்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

திரும்பி வந்தால் கதிரை இருக்கும் என்றேன். கதிரை இருந்தது, அமர்ந்திருக்கும் நிலைமைதான் பலருக்கு இல்லாமற் போயிற்று. ஸ்டான்லி தம்பையா 1954இல் அமெரிக்காவின் கோர்னெலில் பட்டம் பெற்றுத் திரும்பி, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார். கண்டிக்கு அருகேயுள்ள பாத்ததும்பறைக் கிராமங்களின் பொருளாதாரச் சிதைவைப் பற்றி என்.கே. சர்க்காருடன் சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட ஆய்வு, எங்கள் பகுதியைப் பற்றி எழுத முனையும் எவரும் முதலில் புரட்ட வேண்டியது. 1956 ஜூனில் கல்லோயாவில் இனக்கலவரம் வெடித்தபோது அவர் தம் மாணவர்களுடன் அங்கே கள ஆய்வில் இருந்தார். 1960இல் நாட்டைவிட்டுப் போனார். தாய்லாந்து, கேம்பிரிட்ஜ், சிக்காகோ, கடைசியில் ஹாவார்ட். பௌத்தத்தையும் அரசியல் வன்முறையையும் பற்றி 1992இல் அவர் எழுதிய நூல் பிறந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது. 2014இல் அமெரிக்காவிலேயே காலமானார்.

ஒல்லாந்தர் கால இலங்கையை ஆராய்ந்த எஸ். அரசரத்தினம் 1961இல் மலாயாப் பல்கலைக்கழகம் போய், பின்னர் அவுஸ்திரேலியாவில் நிலைகொண்டார். கல்வித்துறையில் விரிவுரையாளராயிருந்த தனிநாயகம் அடிகளும் அதே 1961இல் மலாயா போனார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு அப்பயணமே வழிவகுத்தது. அரசறிவியலாளர் ஏ.ஜே. வில்சன் 1972இல் கனடா சென்றார். ஒவ்வொருவர் புறப்பாட்டுக்கும் தனித்தனிக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் 1956க்குப் பிந்திய இலங்கையை விலக்கிவிட்டு இந்தப் பட்டியலை எவரும் வாசிக்க முடியாது.

நாட்டிலேயே தங்கியவர்கள் வடக்கே போனார்கள். 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் கைலாசபதி. அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் வித்தியானந்தன். கா. இந்திரபாலா அங்கே வரலாற்றுத்துறையைக் கட்டினார். இவர் 1965இல் இலண்டனில் சமர்ப்பித்த ஆய்வேடு, இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றத்தையும் பற்றியது. அதன் முடிவுகளை அரசியல்வாதிகள் தமக்கேற்பப் பயன்படுத்தினர். நாற்பது ஆண்டுகள் கழித்து 2005இல் வெளியிட்ட நூலில், புதிய தொல்லியற் சான்றுகளைக் கொண்டு தம் பழைய முடிவுகள் பலவற்றைத் தாமே மாற்றினார். அந்தத் துணிவுக்காகவே அவரை மதிக்கிறேன்.

இதுவரை சொன்னவர்களுள் ஒருவர்கூட ஹந்தானைக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதன்முதலாக வர்த்தக நோக்கில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர, பல்கலைக்கழகத்தினூடே செல்லும் கலஹா வீதியின் வழியே எட்டிவிடக்கூடிய தூரம்தான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவர் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். நானும் அக்காவும் அத்தகைய பாடசாலை ஒன்றில் ஒரே பலகைக்கட்டில் நெருங்கி அமர்ந்து படித்தவர்கள். அக்கா கொழுந்து பறிக்கப் போனார். நான் பேராதனைக்குப் போனேன்.

1990களின் நடுப்பகுதியில் நானும் ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். முன்னைய தலைமுறை ஆங்கிலத்தில் கற்றது. 1960களின் தொடக்கத்திலிருந்து கலைப்பீடத்தில் தாய்மொழிக் கல்வி வந்துவிட்டது. எமக்கு அது பெரும் வரம். ஆய்வு முன்மொழிவை ஆங்கிலத்தில் எழுத அமர்ந்த அன்று அதுவே சுவராயிற்று. அகராதியோடு மல்லுக்கட்டி எழுதி முடித்தேன். இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் தேவைப்பட்டன. ஒன்று வந்தது. மற்றது, தருவதாகச் சொன்னவரிடமிருந்து வரவேயில்லை. ஆறு முறை அவர் அறை வாசலில் நின்றேன். யார் என்று எழுதப்போவதில்லை. இறுதி நாள் கடந்தது. அந்த மாதமே கொழும்பில் பத்திரிகை வேலை கிடைத்தது. கைலாசபதி பத்திரிகையிலிருந்து பல்கலைக்கழகம் போனார், நான் எதிர்த்திசையில் வந்தேன் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். முடித்துத் திரும்பினால் கதிரை காத்திருக்கும் என்று நம்பாதே. 2022 நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர் பலர் வெளியேறியதால் சில இடங்கள் வெறிதாகியிருக்கின்றன. அவை நிரப்பப்படுவது அரசின் கையில் உள்ள காசைப் பொறுத்தது. பாடநூலாக்கம், மொழிபெயர்ப்பு, ஆவணக் காப்பகம், பத்திரிகை இவற்றுக்கும் உன்னை ஆயத்தப்படுத்திக்கொள். விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் முன்பு நிரப்ப வேண்டியது வழிகாட்டியின் பெயர்.

அவளது தலைப்பு, தோட்டத்துப் பெண்களின் ஒப்பாரிப் பாடல்கள். வழிகாட்டிக்கான இடத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த பிரபல தமிழறிஞர் ஒருவரின் பெயரை எழுதியிருந்தாள். தொம்சன் கதையைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாள். மறுவாரம் வந்தபோது அதை அடித்துவிட்டு, கரீபியன் கரும்புத் தோட்டங்களில் பெண்களின் பாடல்களை ஆராயும் மானிடவியலாளர் ஒருவரின் பெயரை எழுதியிருந்தாள். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலும் பெற்றிருந்தாள்.

"வேலை பற்றி அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "அதை நான் கேட்கவில்லை மாமா" என்றாள்.

விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. பரிந்துரைக் கடிதங்கள் மூன்று வேண்டும். இரண்டு வந்துவிட்டன. மூன்றாமவரின் அறைக்கு இம்முறை நானும் கூடப் போவதாக இருக்கிறேன்.