உரைதிருத்தியும் தமிழெழுத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

பண்டத்தரிப்பிலே அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் யோன் ஸ்கடர் பணி தொடங்கிய 1820ஆம் ஆண்டில், அம்மிசனின் அச்சுப்பணிக்கென ஜேம்ஸ் கரற் என்பாரும் யாழ்ப்பாணம் வந்தார். ஆயின் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் அவர் தங்குதற்கு அனுமதி மறுத்தார். மானிப்பாயில் மிசனின் சொந்த அச்சகம் இயங்கத் தொடங்கியது 1834இலேயாம். எழுத்தை ஆக்கும் கருவி எவர் கையில் இருத்தல் வேண்டும் என்ற வினாவுக்கு அன்று விடை கூறியவர் ஆட்சியாளர். கணனியில் எழுதும் இக்காலத்தில் அதே வினா வேறு வடிவில் எழுகின்றது. ஈமாக்ஸ் எனும் உரைதிருத்தியின் வரலாற்றைக் கொண்டு அதனை நோக்குவோம்.

உரைதிருத்தி என்பது கணனியில் எழுதவும், எழுதியதை அழித்துத் திருத்தவும் உதவும் நிரல். 1976இல் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே தோன்றிய ஈமாக்ஸைத் றிச்சட் ஸ்டோல்மன் 1984இல் புதிதாக எழுதத் தொடங்கி, மறு ஆண்டு வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். அதே 1985இல் லாறி வோல் என்பார் எழுதிய சிறு நிரலொன்று இவ்வுரிமைக்குக் கைகொடுத்தது. முழு நிரலையும் அனுப்பாது, மாறிய வரிகளை மட்டும் அனுப்பினாற் போதும். பெறுபவர் அவற்றைத் தம் பிரதியிற் பொருத்திக்கொள்வார். கிழிந்த ஆடைக்கு ஒட்டுப்போடுவது போன்ற வேலையாதலின் ‘ஒட்டு’ என்றே அதனைக் கூறலாம்.

ஆங்கிலத்துக்கென அமைந்த இக்கருவியைப் பன்மொழிக்கு உரியதாக்கியவர்கள் யப்பானியர். கெனிச்சி ஹண்டா முதலானோர் தம் மொழித் தேவைக்காகத் தொடங்கிய வேலை, 1997இல் வெளிவந்த 20ஆம் பதிப்பிலே ஈமாக்ஸுடன் இணைந்தது. தமிழெழுத்தின் உறுப்புகளைச் சேர்த்துக் காட்டும் நிரற்பகுதியை எழுதியவரும் காவபாத்தா தைச்சி என்னும் யப்பானியரே. தமிழர் எவரும் அன்று முன்வராமை நாணத்தக்கது என்பேன். எனினும் அயலார் ஒருவர் அனுமதி கோராமலே அதனைச் செய்ய முடிந்தமை திறந்த மூலநிரலின் பயனன்றோ?

அவ்வேலை எளிதன்று. ‘கொ’ என்பதைத் தட்டச்சுப்பொறியில் அடிப்பவர் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலே அடித்தார். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னுமாகப் பதியப்படும். மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்ற நம் இலக்கண மரபுக்கும் இதுவே இயைபானது. ஆனால் திரையிலே அக்குறி இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிற்றல் வேண்டும். 2020இல் வெளிவந்த 27ஆம் பதிப்பு முதல், ஹார்பஸ் எனும் பொது நிரலகத்திடம் இப்பொறுப்பு ஒப்படைக்கப்படலாயிற்று.

மூலநிரலிலிருந்து ஈமாக்ஸைத் தாமே கட்டியெழுப்புவோர்க்கு இவ்வரலாறு வெறுங்கதையன்று. எழுத்துக்குப் பதிலாகக் கட்டத்துள் குறியீட்டெண் தோன்றுமாயின் தமிழ் எழுத்துரு இல்லை என்பது பொருள். எழுத்துகள் தோன்றியும் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் அமையாது சிதறி நிற்குமாயின், எழுத்துகளைக் கோக்கும் நிரலகம் சேராமற் கட்டப்பட்டிருக்கலாம். கட்டுமுன் நிகழும் சோதனையின் முடிவிலே ஹார்பஸின் நேரே ‘இல்லை’ என வந்ததா எனப் பார்த்தல் வேண்டும். அவசரத்தில் அவ்வரியைப் படியாது விடுபவரே பலர்.

எழுத்து இவ்வாறு அமைந்தபின் இலக்கம் சிக்கலாயிற்று. ஈமாக்ஸின் தமிழ் உள்ளீட்டு முறைகள் இரண்டிலே 1 என்ற விசையை அழுத்தினால் ௧ தோன்றியது. தமிழுக்குத் தமிழிலக்கமே உரியது என அவற்றை ஆக்கியோர் கருதினர் போலும். பழைய நூல்களின் பக்க எண்களை அறிந்தவர்க்கு அது பிழையாகத் தோன்றாது. ஆனால் இன்று கடிதத்திலே திகதி எழுதுபவர்க்கு அது பெருந்தொல்லை. அண்மைக் காலப் பதிப்பொன்றில், இவ்விலக்கங்கள் இன்றைய தமிழர் வழக்கில் இல்லை என்ற காரணத்தை வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவைத்தே அவற்றை நீக்கினர். முற்றாக அழித்துவிடவுமில்லை. தமிழிலக்கம் வேண்டுவோர்க்கென அவ்விரு முறைகளின் பழைய வடிவங்களும் வேறு பெயரில் உடன் வைக்கப்பட்டுள்ளன.