கோடையும் கூரையும்: பட்டினப்பாக்கத்தில் வீடு பேணும் உரிமையின் வரலாறு



ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். மறுநாள், ஏப்ரல் 15 அன்று, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. மே முதல் வாரத்தில் கத்திரி வந்துவிடும். அண்ணலின் படத்துக்கு மாலை போட்ட கை, அடுத்த வாரமே லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கும். சென்னைக் கடற்கரையில் உழைக்கும் மக்களின் கோடை இப்படித்தான் தொடங்குகிறது.

இதே மாதங்களில் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும் குடியிருப்போர் நலச் சங்கங்கள் கூடிப் பேசுகின்றன. மழைக்காலத்துக்கு முன் மொட்டை மாடி விரிசலை அடைக்க வேண்டும், சம்ப்பைக் கழுவ வேண்டும், சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்று தீர்மானம் போடுகின்றன. அது நியாயமான வேலை. வீட்டைப் பழுது பார்ப்பதற்கான பருவம் கோடைதான். இந்தச் சாதாரண வேலையைச் செய்யும் அதிகாரம் நகரத்தில் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைத்தான் இந்த உரையில் வரலாற்றோடு வைத்துப் பார்க்கப் போகிறோம். நம் கண்முன் உள்ள சான்று, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம்.

அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே இருக்கிறது சீனிவாசபுரம். மீனவர்கள், தலித் மக்கள், இஸ்லாமியர், பிற உழைக்கும் சாதியினர் எனப் பலரும் சேர்ந்து வாழும் இடம். இங்குள்ள ஆண்கள் கட்டட வேலைக்கும் ஆட்டோ ஓட்டவும் கடலுக்கும் போகிறார்கள். பெண்கள் மீன் விற்கவும், சாந்தோமிலும் மந்தைவெளியிலும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள்.

1970இல் கலைஞர் தலைமையிலான அரசு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. 1971இல் குடிசைப் பகுதிகள் மேம்பாடு, அகற்றல் சட்டம் வந்தது. அதற்கு முன்பு குடிசைவாசிகளின் கோடை என்றால் தீதான். ஓலைக் கூரை ஒன்று பற்றினால் தெருவே சாம்பலாகும். அந்தச் சாம்பலிலிருந்து மாடி வீடுகள் எழுந்ததை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. மக்கள் வாழ்ந்த இடத்திலேயே, கடலுக்கும் வேலைக்கும் பக்கத்திலேயே, நகரின் நடுவிலேயே அந்த வீடுகள் பல கட்டப்பட்டன. சேரியை ஊருக்கு வெளியே வைத்த நாட்டில் இது சின்ன மாற்றமல்ல.

ஆனால் வீடு தரப்பட்ட முறையில் ஒரு பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. வீடு பெற்றவர் 'பயனாளி' ஆனார், உரிமையாளர் ஆகவில்லை. ஒதுக்கீட்டு ஆணை கிடைத்தது. பல திட்டப்பகுதிகளில் கிரையப் பத்திரம் இன்றுவரை கைக்கு வரவில்லை. மாடிப்படி, கூரை, கழிவுநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி ஆகிய பொது இடங்களின் மீது குடியிருப்பவருக்கு அதிகாரம் இல்லை. பழுது பார்க்க வேண்டியது வாரியம். வாரியம் வரும்வரை காத்திருக்க வேண்டியது மக்கள்.

கடற்கரைக் கட்டடம் காத்திருக்காது. உப்புக் காற்று காங்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது உள்ளிருந்தே உப்பிக் காங்கிரீட்டைப் பிளக்கும். முதலில் மயிரிழை போல ஒரு விரிசல், பிறகு பூச்சு உதிரும், பிறகு கம்பி தெரியும், கடைசியில் சன்ஷேட்டே பெயர்ந்து விழும். விரிசல் நிலையில் செய்தால் இது சின்ன வேலை. கம்பி தெரிந்த பிறகு பெரிய வேலை. அதையும் விட்டுவிட்டால் மரணம். 2024 டிசம்பரில் சீனிவாசபுரம் வாரியக் குடியிருப்பில் மேலிருந்து பெயர்ந்து விழுந்த கட்டடப் பகுதி ஓர் இளைஞரின் உயிரைப் பறித்தது. மக்கள் சாலையில் இறங்கி மறியல் செய்தார்கள்.

இது இங்கு மட்டும் நடப்பதல்ல. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் புதிய குடியிருப்பில், கை பட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசல் விடுவதைக் கண்ட மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அன்று கட்டடத்தை ஆய்வு செய்த பொறியாளர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான்.

'உப்புக் காற்று எல்லாக் கட்டடத்துக்கும் பொதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அதே பட்டினப்பாக்கத்தில் அரசு ஊழியர்களுக்காக வீட்டுவசதி வாரியம் கட்டிய அடுக்குமாடிகளும் சிதிலமடைந்தன, காலி செய்யப்பட்டன. ஆனால் அங்கிருந்து கிளம்பிய ஊழியருக்கு மாதச் சம்பளம் இருந்தது, வீட்டு வாடகைப் படி இருந்தது, விரும்பிய பகுதியில் வாடகைக்குப் போகும் வாய்ப்பும் இருந்தது. சீனிவாசபுரத்துப் பெண்ணுக்கு வேலையே அந்த இடத்தோடு கட்டப்பட்டது. காற்று எல்லோருக்கும் பொது. காற்று சிதைத்த பிறகு கிடைக்கும் வழிகள் பொதுவாக இல்லை.

பழுது பார்க்கப்படாத வீடு கடைசியில் வெளியேற்றத்துக்கான காரணமாகவும் மாறுகிறது. முதலில் பராமரிப்பு தாமதமாகும். பிறகு கட்டடம் 'வாழத் தகுதியற்றது' ஆகும். பிறகு மக்களின் பாதுகாப்புக்காகவே அவர்களை அப்புறப்படுத்துவதாகச் சொல்லப்படும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையின் குடும்பங்கள் பல, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. அலை, வெள்ளம், விரிசல் என்று காரணம் ஒவ்வொரு முறையும் மாறியது. போகச் சொல்லப்பட்டவர்கள் மாறவில்லை.

நீதிமன்றப் படிகளிலும் இந்த வரலாறு இருக்கிறது. 1985இல் உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வுரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்றது. மும்பையின் நடைபாதைவாசிகளை மழைக்காலம் முடியும்வரை அகற்றக் கூடாது என்றும் சொன்னது. அதே காலத்தில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கும் அந்த நீதிமன்றத்தின் முன் இருந்தது. பருவம் என்பது உரிமையின் ஒரு பகுதி என்பதை நீதிமன்றம் மழையை வைத்து ஒப்புக்கொண்டது. கோடையை வைத்து அந்த வாதத்தை நாம் இன்னும் வலுவாக எடுத்துவைக்கவில்லை.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் வெப்ப அலை வீசியது. 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அதை ஆராய்ந்து 2002இல் நூலாக்கினார். அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளில், கறுப்பின மக்கள் வாழ்ந்த, கடைகளும் ஆள் நடமாட்டமும் அழியவிடப்பட்ட பகுதியில் இறப்பு விகிதம் பல மடங்கு அதிகம். தெருவில் ஆள் புழங்கிய பகுதியில் முதியவர்கள் தப்பினார்கள். வெயிலோடு தனிமையும் கைவிடப்பட்ட தெருவும் சேர்ந்தே கொன்றன என்பது அவர் கண்டது.

இதைச் சீனிவாசபுரத்தில் வைத்துப் பாருங்கள். ஆரம்பகால வாரிய வீடுகள் சுமார் 230 சதுர அடி. மேல்மாடித் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில் கக்கும். அந்த வீட்டில் கோடையைக் கடத்துவது எப்படி? மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்ததும் பாட்டிமார் வாசலுக்கு வருகிறார்கள். பிள்ளைகள் மணலுக்குப் போகிறார்கள். இரவில் மொட்டை மாடியிலும் நடையிலும் பாய் விரிக்கிறார்கள். கடற்காற்றும் தெருவும் அந்த வீட்டின் இன்னொரு அறை. இழப்பீட்டைக் கணக்கிடும் எந்தப் படிவத்திலும் அந்த அறை இடம்பெறுவதில்லை. செம்மஞ்சேரியில் சதுர அடி கிடைக்கலாம். இந்த அறை கிடைக்காது.

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சங்கம் வைத்த அடுக்ககங்கள் தனியார் லாரிக்குப் பணம் திரட்டின. வாரியக் குடியிருப்பில் பெண்கள் தூக்கத்தையும் கூலியையும் கொடுத்துத் தண்ணீர் பிடித்தார்கள். பழுது பார்க்க வேண்டிய பருவத்தை வரிசையே தின்றுவிட்டது.

நகரத்தின் வீடுகளைப் பேணுவது யார் என்றும் கேட்போம். சம்ப்பைக் கழுவுகிறவர், வண்ணம் அடிக்கிறவர், குப்பை எடுக்கிறவர், சாக்கடை அடைப்பை நீக்கக் கூப்பிடப்படுகிறவர் எல்லாம் யார்? 2013ஆம் ஆண்டுச் சட்டம் மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடை செய்த பிறகும் அங்கே சாகிறவர்கள் பெரும்பாலும் தலித்துகள். மற்றவர் வீட்டைப் பேணும் உழைப்பு ஒரு சாதியின் கடமையாகவும், தன் வீட்டைப் பேணும் அதிகாரம் இன்னொரு சாதியின் உரிமையாகவும் பிரிந்து கிடக்கிறது.

2021இல் வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என மாறியது. அதன்பின் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம் வந்தது. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை செலுத்தினால் அரசும் இணையாகத் தரும் என்பது ஏற்பாடு. சங்கம் வேண்டும், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பொறுப்பை மட்டும் கைமாற்றி, பத்திரத்தையும் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கைமாற்றாவிட்டால், அது வசூல் சங்கமாகத்தான் முடியும்.

மகாத்தை நினைத்துக்கொள்வோம். அங்கே சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் நகராட்சித் தீர்மானம் 1924இலேயே இருந்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று, கோடையின் தொடக்கத்தில், அண்ணல் மக்களோடு நடந்துபோய்க் குடித்தார். காகிதத்தில் இருக்கும் உரிமையைக் கைக்குக் கொண்டுவருவது இயக்கத்தின் வேலை என்று அவர் நமக்குக் காட்டியது அன்றுதான்.

எனவே நாம் கேட்பவை இவை. கிரையப் பத்திரம் வேண்டும், அதில் பெண்களின் பெயரும் வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் கட்டட ஆய்வு நடந்து, அறிக்கை தமிழில் வாசலில் ஒட்டப்பட வேண்டும். பராமரிப்புக் கணக்கு சங்கத்தின் முன் படிக்கப்பட வேண்டும். இடித்துக் கட்டுவதானால் அதே இடத்தில் திரும்பி வரும் உரிமை, முதல் செங்கல் பெயர்வதற்கு முன் எழுத்தில் வர வேண்டும். மறுகட்டுமான காலத்து வாடகையும் அந்த எழுத்தில் இருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கோடையில் ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு மேல்மாடி வீடுகளுக்குப் போங்கள். எந்த வீட்டில் எத்தனை மணிக்கு எவ்வளவு சூடு, எந்தச் சுவரில் எந்தத் தேதியில் விரிசல், புகார் கொடுத்த நாள் எது, ஆள் வந்த நாள் எது என்று குறியுங்கள். குடியிருப்பவரையே எழுதச் சொல்லுங்கள். வரலாறு ஆவணத்தைக் கேட்கிறது, நீதிமன்றமும் ஆவணத்தைத்தான் கேட்கிறது. அடுத்த சன்ஷேட் விழுவதற்கு முன் அந்த நோட்டு நம் கையில் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.